பொட்டு வைத்த பதினொரு இசைத்தட்டுகள்

கறையாம்! குங்குமத்தைக் கறை என்று சொன்ன வாயை நான் இந்தப் பலெர்மோவில்தான் கண்டேன். ஒரு வணக்கம் இல்லை, சுகமா என்று ஒரு விசாரிப்பு இல்லை. போனை எடுத்த எடுப்பிலேயே சிஞோராவின் மகனார் கேட்டார்: "அம்மாவின்ரை இசைத்தட்டுகளிலை பதினொண்டு சிவப்புக் கறை பிடிச்சுக் கிடக்குது. என்ன செய்தனீங்கள்?"

அவர் பேசியது இத்தாலியன்தான். என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் விழும், இருபத்தாறு வருசமாக அப்படித்தான் விழுகிறது. விழுந்தபடியே எழுதுகிறேன்.

நான் அப்போது சீசா என்கிற பகுதியில் எங்கள் வீட்டுக் குசினியில் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டு நின்றேன். கை முழுக்க மா, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். "அது கறையில்லை, பொட்டு" என்றேன். "என்னத்துக்கு?" என்றார். சரஸ்வதி பூசையை இத்தாலியனில் எங்கிருந்து தொடங்குவது என்று நான் யோசிப்பதற்குள் அடுத்த குண்டைத் தூக்கிப் போட்டார். "பேந்து கொண்டுபோறதுக்கு அடையாளம் வைச்சனீங்களோ?"

களவு! பதினொரு வருசம் அவரைப் பெற்ற தாயைக் குளிப்பாட்டி, தலை சீவி, ஊட்டிவிட்ட என்னைப் பார்த்து. எனக்கு உச்சியில் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாய் வரவில்லை. எனக்கு வாய் வராத நாட்களை ஒரு கை விரலில் எண்ணலாம், அதில் அன்றைய நாளும் ஒன்று. அவர் போனை வைத்த பிறகுதான் எனக்கு ஒவ்வொன்றாகப் பதில் வரத் தொடங்கியது. வந்து என்ன பயன்? அன்றைக்குப் புட்டும் கல்லாகப் போய்விட்டது.

சிஞோரா என்றால் இங்கே அம்மணி. வெறுமனே சிஞோரா என்று நான் சொல்வது, கால்சாவில் துறைமுகப் பக்கம் ஒரு பழைய மாளிகையின் நாலாம் மாடியில் தனியாக இருந்த வயதான அம்மாவை. லிப்ட் இல்லாத நாலாம் மாடி. பதினொரு வருசம் ஏறி இறங்கினேன். காலையில் குளிக்க வார்ப்பது, சமைப்பது, நேரத்துக்கு மருந்து கொடுப்பது, பின்னேரம் நாலு மணிக்கு இசைத்தட்டுப் போடுவது, இவ்வளவும் என் வேலை. இந்தப் பங்குனியில் அவர் மோசம் போனார். செத்தவீடு முடிந்து மிலானோவுக்குத் திரும்ப வெளிக்கிட்ட மகனிடம், "சிஞோரா எனக்குத் தந்த தட்டுகள் பதினொண்டு இருக்கு, எடுக்கட்டோ?" என்று கேட்டேன். "பேந்து பாப்பம்" என்றார். நானும் பெரிய மனுசி மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கே தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வீடு ஒதுக்க மறுபடி வந்து தட்டுகளைத் திறந்து பார்த்தபோதுதான் அவர் அந்தப் போனை எடுத்தார். கேட்டுத்தான் எடுக்கவேண்டும் என்று நின்ற மரியாதைக்கு எனக்குக் கிடைத்த பட்டம், கள்ளி.

கதை இதோடு நின்றிருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். அதே கட்டடத்தின் மூன்றாம் மாடிச் சிஞோரா, ஆனி மாதம் தொடங்கித் தன் வீட்டு வேலைக்கு வரச்சொல்லி என்னிடம் வாக்கு வாங்கி வைத்திருந்தார். மகனார் பேசிய மறுநாள் அவரும் போன் எடுத்தார். குரலில் தேன் ஒழுகியது. "தட்டுகளின்ரை கதை கேள்விப்பட்டன். என்ரை வீட்டிலையும் பழைய சாமான்கள் இருக்கு, தெரியும்தானே. கொஞ்சம் யோசிக்க வேணும்."

வீட்டு வேலை செய்கிறவளுக்கு இந்த ஊரில் பெயர் ஒன்றுதான் சொத்து. பெர்மெசோ முடிந்தால் கெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் போய் வரிசையில் நின்று விசாவைப் புதுப்பிக்கலாம். கெட்டுப்போன பெயரைப் புதுப்பிக்க நான் எந்த வரிசையில் போய் நிற்பது?

என் மனுசன் போர்கோ வெக்கியோவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. நல்ல மனுசன், ஆனால் சண்டை என்றால் நாலு வீதி சுற்றிப் போகிற ஆள். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "விடும். உந்தப் பிரச்சினைக்குப் போகாதையும். வீட்டிலை கிடக்கிற குப்பை காணாதோ உமக்கு?" என்றார்.

"குப்பையோ? எதைச் சொல்லுறியள்?"

"சரி சரி, குப்பையில்லை. பாட்டு" என்று அவசரமாகத் திருத்தினார்.

அவர் குப்பை என்றது எங்கள் நடையில் அடுக்கியிருக்கிற நாலு தோடம்பழப் பெட்டிகளை. போர்கோ வெக்கியோ சந்தையில் பழக்காரர் எறிகிற மரப்பெட்டிகள்தான். அவற்றுக்குள் என் கசற்றுகளும் சீடிகளும் இருக்கின்றன. ஒருவரும் அழைக்காமலே நான் இந்த இடத்தில் என் பெட்டிகளைத் திறந்து காட்டப்போகிறேன். ஏனென்றால் கள்ளி என்ற சொல்லுக்குள் இன்னொரு சொல்லும் ஒளிந்திருக்கிறது. வேலைக்காரிக்கு இசைத்தட்டு என்னத்துக்கு, விற்கத்தானே என்கிற நினைப்பு. அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

முதல் பெட்டியில் முதல் கசற், பதினெட்டு வயதில் யாழ்ப்பாணத்தில் றெக்கோடிங் பாரில் பதிவித்தது. வெற்றுக் கசற்றையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால், இரண்டு மூன்று நாளில் பதிந்து தருவார்கள். நான் பன்னிரண்டு சோகப் பாட்டு எழுதிக் கொடுத்தேன். போட்டுக் கேட்டால் பத்துத்தான் சோகம். கடைசி இரண்டும் துள்ளல் பாட்டு, ஆர்மோனியமும் தபேலாவும் கும்மாளம் அடிக்கின்றன. போய்க் கேட்டதற்கு அந்தப் பார்க்காரர், "பிள்ளை, உந்த வயசிலை உவ்வளவு அழுகை கூடாது" என்றார். உங்களிடம் யார் ஐயா புத்திமதி கேட்டது? என் கசற், என் காசு, என் அழுகை! முப்பத்தைந்து வருசமாக அந்த இடம் வரும்போதெல்லாம் அவரைத் திட்டுகிறேன். திட்டிக்கொண்டே அந்த இரண்டு பாட்டையும் கடைசிவரை கேட்கிறேன். உண்மையைச் சொன்னால், இப்போது அந்த இரண்டுக்காகத்தான் கசற்றையே போடுகிறேன்.

அதற்குப் பக்கத்தில் ஒரு பைலாக் கசற். கொழும்பில் லொட்ஜில் விசாவுக்குக் காத்துக் கிடந்த மாதங்களில் நடைபாதையில் வாங்கினேன். சிங்களப் பாட்டு. அந்த அடி விழுந்தால் துடைப்பமும் தானாக ஆடும், எங்கள் வீடு பளிச்சென்று இருப்பதற்கு அதுதான் காரணம். ஒருமுறை வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் முகத்தைச் சுளித்து, "எங்கடை வீட்டிலை உந்தப் பாட்டோ?" என்றார். "ஏன், பாட்டு வந்து உங்கடை கூரையிலை குண்டு போட்டதோ?" என்று கேட்டேன். அவர் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பைலா இன்னும் இருக்கிறது.

மூன்றாவது பெட்டியில் என் நாதஸ்வரச் சீடி. இந்த ஊரில் மேளக்காரருக்கு எங்கே போவது? பலெர்மோவில் எத்தனையோ தாலிகள் என் சீடியின் கெட்டிமேளத்துக்குத்தான் ஏறின. "அக்கா, ஒருக்காத் தாங்கோ, கலியாணம் முடிஞ்ச கையோடை கொண்டந்து தாறம்" என்று வாங்கிப் போவார்கள். கலியாணம் முடியும், பிள்ளையும் பிறக்கும், சீடி வராது. நான் போய்க் கேட்டு வாங்கிவந்தால், மேலே பாயாசம் காய்ந்து ஒட்டியிருக்கும். அதற்குப் பெயர்தான் கறை. அதற்காக நான் ஒரு மணவறையையும் கள்ளர் கூட்டம் என்று சொல்லவில்லை.

பிறகு ஒரு மாதச் சஞ்சிகையோடு இலவசமாக வந்த இத்தாலியன் கோடைகாலப் பாட்டுச் சீடி. நான் இந்த மொழியைப் படித்த பள்ளிக்கூடம் அதுதான். வந்த புதிதில் எனக்குத் தெரிந்த ஒரே முழு வசனம், நீ இல்லாமல் என்னால் வாழ முடியாது என்பது. அதை வைத்துக்கொண்டு கெஸ்தூராவில் என்ன செய்ய? கை காட்டி, முகம் காட்டித்தான் வேலை பார்த்தேன். ஆனால் மரக்கறி விற்கிற கிழவனிடம் ஒருநாள் தக்காளியைக் காட்டி அதே வசனத்தைச் சொன்னேன். மனுசன் சிரித்துச் சிரித்து இரண்டு தக்காளி கூடுதலாகப் போட்டுத் தந்தான்.

இந்தப் பெட்டிகளின் மேலே ஒரு பழைய இசைத்தட்டு மெசின் இருக்கிறது. குப்பை என்று சொன்னாரே என் மனுசன், அதே மனுசன்தான் கடைக்காரர் எறிய வைத்திருந்ததை வாங்கிவந்து, வயரைப் பிரித்துக் கோர்த்து, இந்தத் தை மாதம் எனக்குத் திருத்தித் தந்தார். சிஞோராவிடம் சொன்னேன். "அப்ப மழை விட்டுக் கோடை வரட்டும், உன்ரை தட்டுகளைக் கொண்டு போ" என்றார். கோடை வருவதற்குள் அவர் போய்விட்டார். போடுவதற்கு ஒரு தட்டும் இல்லாமல் மெசின் சும்மா இருந்தது.

இனி அந்தப் பொட்டுக் கதைக்கு வருகிறேன்.

சிஞோரா வீட்டில் என் முதல் வருசம். நவராத்திரியின் ஒன்பதாம் நாள் எனக்கு லீவு இல்லை. எங்கள் வீடுகளில் அன்றைக்குப் புத்தகம், வாத்தியம், தொழில் செய்கிற சாமான் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்து, சரஸ்வதிக்கு முன்னால் வைப்போம். அன்றைக்கு அவற்றை எடுத்துப் பாவிக்கக்கூடாது, மறுநாள்தான் எடுக்க வேண்டும். வீட்டில் முடியாவிட்டால் வேலைத்தலத்தில் செய்வோம் என்று ஒரு சின்னச் சிமிழில் சந்தனமும் குங்குமமும் கொண்டுபோனேன். அந்த வீட்டில் என் தொழில் சாமான் என்ன? தும்புத்தடியும் இஸ்திரிப்பெட்டியும். அவற்றுக்கு வைத்தேன். வாத்தியம் என்ன? சிஞோராவின் பெரிய மர இசைப்பெட்டி. அவர் மத்தியான நித்திரையில் இருக்க, அதன் மூடிக்கு ஒரு பொட்டு வைத்தேன். உள்ளே ஏற்கனவே ஒரு தட்டு கிடந்தது. அதுவும் வாத்தியம்தானே என்று, அதன் கறுப்பு ஓரத்தில் நல்ல வடிவாக, பெருவிரலால், சந்தனம் குழைத்து வைத்து நடுவில் குங்குமமும் இட்டேன். அப்போது எனக்குத் தட்டைப் பற்றி என்ன தெரியும்? ஊசி ஓரத்திலிருந்துதான் ஓடத் தொடங்கும் என்று தெரியாது.

நாலு மணிக்கு எழும்பி வந்த சிஞோரா பாட்டுப் போடச் சொன்னார். "இண்டைக்கு ஏலாது சிஞோரா, நாளைக்குத்தான்" என்றேன். காரணம் கேட்டார். அரைகுறை மொழியில் சொன்னேன். மூடியைத் திறந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். என் வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் மூடியைச் சாத்திவிட்டு, "சரி, நாளைக்கு" என்றார்.

மறுநாள் போட்டோம். தட்டு சுற்றச் சுற்ற, பொட்டு வரும் இடத்தில் ஊசி தட்டி, டிக் என்றது. டிக். டிக். அதற்கு நடுவில் பித்தளை வாத்தியங்கள் மெல்ல மெல்ல எழும்பின. சிஞோரா சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகுதான் சொன்னார், அது பெரிய வெள்ளி ஊர்வலத்தில் ஊர் வாத்தியக்காரர் வாசிக்கிற சாவு மேளம் என்று. ஐயோ கடவுளே! சரஸ்வதி பூசையும் அதுவுமாகச் செத்தவீட்டுப் பறைக்குப் போய்ச் சந்தனம் குங்குமம் வைத்த ஒரே யாழ்ப்பாணத்துப் பெண் நானாகத்தான் இருக்கும்.

ஈரத் துணியால் துடைக்கப் போனேன். சிஞோரா என் கையைப் பிடித்தார். "தொடாதை. கடவுளின்ரை பொட்டை அழிக்கிறதோ? நீ வைச்சனி, இனி இது உன்ரை தட்டு. உன்னட்டை மெசின் வரும்வரைக்கும் இஞ்சை இருக்கட்டும்" என்றார்.

அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு நவராத்திரிக்கும் நான் ஒரு தட்டைத் தெரிந்தெடுக்க வேண்டும். பொட்டு வைத்தது எனக்கு. நான் படித்துவிட்டேன், பிறகு பொட்டெல்லாம் நடுவில் ஒட்டிய கடதாசியில்தான், ஊசி போகாத இடத்தில். பதினொன்றையும் சொல்லி உங்களைக் களைக்கச் செய்யமாட்டேன். சிசிலிக் கிராமங்களில் சந்தைக்குச் சந்தை போய்க் கொலையும் காதலும் பாடுகிற கதைப்பாட்டுக்காரரின் தட்டு ஒன்று. அதில் சொல் பாதி விளங்காது, ஆனாலும் யார் யாரை வெட்டப் போகிறான் என்று குரலிலேயே தெரிந்துவிடும். சாக்சபோன் தட்டு ஒன்று. அது சிஞோராவின் காலஞ்சென்ற கணவருடையது. வேலை முடித்துக் காலை நீட்டி இருக்கும்போது வருகிற பெருமூச்சை ஒரு மனுசன் குழலில் ஊதி வைத்திருக்கிறான்.

ஒப்பெரா மூன்று எடுத்தேன். அதில் ஒன்றில் கதாநாயகி சாகத் தொடங்கினால் ஒரு பக்கம் முழுக்கச் சாவாள். "சாகிறதெண்டால் சாக வேண்டியதுதானே, ஏன் உவ இப்பிடி இழுக்கிறா?" என்று நான் கேட்பேன். "பேசாமலிரு, உனக்கு அவசரமோ?" என்று சிஞோரா ஏசுவார். ஒவ்வொரு முறையும் இந்தச் சண்டை நடக்கும். ஒவ்வொரு முறையும் கடைசியில் இரண்டு பேரும் மூக்கைச் சிந்துவோம். ஒருநாள் பார்க்க வந்த சிஞோராவின் சிநேகிதி ஒருத்தி, நான் கண்ணைத் துடைப்பதைக் கண்டு, என்னை அல்ல, சிஞோராவைப் பார்த்துக் கேட்டாள்: "அட, உங்கடை பொம்பிளைக்கும் இது விளங்குமோ?" வீட்டுப் பூனை பியானோ வாசித்ததைக் கண்ட மாதிரி ஒரு ஆச்சரியம். சிஞோரா திருப்பிச் சொன்னார், "உனக்கு விளங்கிறதைவிட நல்லாய்." அந்த ஒரு சொல்லுக்காகவே இன்னும் பதினொரு வருசம் நாலு மாடி ஏறியிருப்பேன்.

இப்படி வந்த தட்டுகளைத்தான் கறை என்றார்கள்.

மகனார் மறுபடி ஒரு சனிக்கிழமை பலெர்மோவுக்கு வந்தார். பழைய இசைத்தட்டு வாங்குகிற வியாபாரியும் வருகிறார், நீங்களும் வந்து விளக்கம் சொல்லுங்கள் என்று எனக்குத் தகவல். விளக்கமாம். நான் போகத்தான் வேண்டும் என்று வெளிக்கிட்டேன். "நானும் வரட்டோ?" என்று என் மனுசன் கேட்டார். அவர் அப்படிக் கேட்டதே பெரிய விசயம். "வேண்டாம், நீங்கள் வந்தால் நான் உங்களையும் சேத்துப் பாக்கவேணும்" என்றேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று நெற்றியில் வழக்கத்தைவிடப் பெரிய பொட்டாக, நல்ல சிவப்பாக வைத்தேன். கறையைப் பார்க்கட்டும்.

நாலு மாடியும் ஏறிக் கதவைத் தட்டினேன். பதினொரு வருசம் என் சாவியால் திறந்த கதவு. உள்ளே சிஞோராவின் கதிரையில் ஒருவரும் இல்லை. வியாபாரி கையுறை போட்டுக்கொண்டு தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என் பதினொன்றும் தனியாக, குசினி வாசலில், நிலம் துடைக்கிற வாளிக்குப் பக்கத்தில் நிலத்தில் கிடந்தன. அதைக் கண்டதும் எனக்குச் சன்னதமே வந்துவிட்டது. குனிந்து அவற்றைத் தூக்கி மேசையில் வைத்தேன். பிறகுதான் வணக்கம் சொன்னேன்.

மகனார் களைத்துப்போய்த்தான் நின்றார். "இஞ்சை பாருங்கோ, இவர் மிச்சத்தை எல்லாம் எடுக்கிறார். இதுகள் பழுதெண்டு வேண்டாமாம். எறியத்தான் போறம். நீங்கள் விரும்பினால் கொண்டு போங்கோ. இதோடை கதையை முடிப்பம்."

"எறியப்போறதையோ எனக்குத் தாறியள்?"

"தட்டுத்தானே கேட்டனீங்கள். தட்டு கிடைக்குது. பிறகென்ன?"

பிறகென்னவா! நான் அந்த மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டேன். "நான் குப்பை பொறுக்க வரேல்லை. உங்கடை அம்மா எனக்குத் தந்தவா. ஒவ்வொரு வருசமும் ஒவ்வொண்டாய், தன்ரை வாயாலை சொல்லித் தந்தவா. அதை அப்பிடியே சொல்லுங்கோ, நான் எடுத்துக்கொண்டு போறன். இல்லையெண்டால் எறியுங்கோ. ஆனால் கள்ளி எண்டு மூண்டாம் மாடிவரைக்கும் சொல்லிப்போட்டு, இப்ப குப்பையைக் கட்டித் தந்து வாயை மூடப் பாக்காதையுங்கோ."

"அம்மா தந்தவா எண்டதுக்கு ஏதாவது எழுத்து இருக்கோ?"

"உங்கடை அம்மாவுக்குத் தலை சீவினதுக்கும் எழுத்து இல்லை" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

இந்த இடத்தில்தான் வியாபாரி வாய் திறந்தார். அவருக்குச் சாவு மேளத் தட்டுத்தான் கவலை. அப்படி ஒன்று இப்போது கிடைக்காதாம், ஓரத்தில் பூசிய மண் பள்ளத்துக்குள் இறங்கிக் கெடுத்துவிட்டதாம், எவ்வளவு பழுது என்று போட்டுக் காட்டுகிறாராம். மண்! அவர் தட்டை மெசினில் வைத்து ஊசியை இறக்கினார்.

டிக்.

கொஞ்சம் பொறுத்து, டிக். பித்தளை வாத்தியங்கள் மெல்ல எழும்பின. டிக். எனக்கு மறுபடி அழுகை வந்தது, நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வியாபாரி, "கேக்குதோ? இதுதான் பழுது" என்றார். திரும்பிப் பார்த்தேன். மகனார் தாயின் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, ஒவ்வொரு டிக்குக்கும் கண்ணை மூடி மூடித் திறந்தார்.

"இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்" என்றார். "ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்."

ஞாயிறு பின்னேரம் அவர் மிலானோவிலிருந்து தாய்க்குப் போன் எடுப்பார். அந்த நேரத்தில் நான் குசினியில் இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு மினுக்கிக்கொண்டு நிற்பேன். சிஞோரா கதவைத் திறந்து வைத்து, இந்தத் தட்டை எனக்குக் கேட்கப் போட்டுவிட்டுத்தான் போனில் கதைப்பார். அவ்வளவும் எனக்குத் தெரியும். போனில் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்தவர் போனுக்குக் காது கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"போன் பழுதெண்டு நினைச்சன்" என்றார் மகன். "உது என்ன டிக் டிக் எண்டு அம்மாவைக் கேட்டனான். பாட்டை நிப்பாட்டிப்போட்டுக் கதையுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன். ஒருநாளும் நிப்பாட்டமாட்டா. 'நிப்பாட்ட ஏலாது, அது அவளின்ரை தட்டு, அவள் கேட்டுக்கொண்டு நிக்கிறாள்' எண்டு சொல்லுவா."

அவளின்ரை தட்டு. செத்துப்போன மனுசி, தன் பிள்ளையின் வாயாலேயே எனக்காகச் சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் அங்கேயே ஒரு கதிரையை இழுத்து இருந்து, வாய்விட்டு அழுதேன். வெட்கப்படவில்லை.

அழுது முடிந்ததும் கோபம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. பின்னே? எத்தனை ஞாயிறு அந்தப் பதில் இந்த மனுசனின் காதில் விழுந்திருக்கும்! விழுந்ததே தவிர ஒருநாளும் கேட்கவில்லை. அவள் யார், அவளுக்கு ஏன் தட்டு, அவள் என்ன கேட்கிறாள் என்று ஒருதரம் விசாரித்திருந்தால் நான் கள்ளி ஆகியிருப்பேனா?

"மன்னியுங்கோ" என்றார்.

"மன்னிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். தூக்குங்கோ" என்றேன்.

"என்னத்தை?"

"தட்டுகளை. பாரம். நான் பதினொரு வருசம் இந்தப் படியாலை உங்கடை வீட்டுச் சாமான் தூக்கினனான். இண்டைக்கு நீங்கள் தூக்குங்கோ."

தூக்கினார். ஒரு பெட்டியில் அடுக்கி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, எனக்குப் பின்னால் இறங்கினார். மூன்றாம் மாடிக்கு வந்ததும் நான் நின்று, கதவின் மணியை அழுத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். மூன்றாம் மாடிச் சிஞோரா திறந்து, அவரையும் பெட்டியையும் என் பொட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

மகன் தொண்டையைச் செருமினார். "இந்தத் தட்டுகள் இவவின்ரை. அம்மா இவவுக்குக் குடுத்தவா. நான் உங்களுக்குச் சொன்னது பிழை."

"ஓ, எனக்கு அப்பவே தெரியும்!" என்று அந்த மனுசி கையைத் தட்டினார். தெரியுமாம், பாருங்கள். "அப்ப ஆனி முதலாம் திகதி வருவீங்கள்தானே?"

"கொஞ்சம் யோசிக்க வேணும்" என்றேன்.

கீழே இறங்கி பஸ் நிற்கிற இடம்வரை அவர்தான் தூக்கிவந்தார். வெயில். மிலானோக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. நான் வாங்கித் தூக்கவில்லை. சீசா பஸ் வளைவில் தெரிந்தபோது அவர் பெட்டியை என் கையில் தந்தார். எறிகிற சாமானைத் தருகிற மாதிரி இல்லை, பூசைத் தட்டத்தைத் தருகிற மாதிரித் தந்தார். தந்துவிட்டும் விடாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஞாயிற்றுக்கிழமையிலை" என்று தொடங்கினார். விட்டுவிட்டு மறுபடி தொடங்கினார். "ஞாயிற்றுக்கிழமையிலை பின்னேரம் நான் போன் எடுக்க இப்ப ஆள் இல்லை. உங்களுக்கு எடுக்கலாமோ? கதைக்கக்கூட வேண்டாம்."

எனக்கு அவர்மேல் கோபம் ஆறவில்லை. இதை எழுதும்போதும் ஆறவில்லை. பஸ் வந்து கதவு திறந்தது. நான் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, யன்னலால் தலையை நீட்டினேன்.

"எடுங்கோ" என்றேன். "ஆனால் பாட்டை நிப்பாட்டமாட்டன்."